இடைநின்றவர்: ஒன்று

முதியோர் கல்வி வகுப்பின் மேஜைமேல் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. வகுப்பை மதிப்பிட வந்த அதிகாரி வருகைப் பதிவேட்டில் விரலை ஓட்டுகிறார். "இந்த சமையல்காரம்மா ரெண்டே மாசத்துல நின்னுட்டாங்களே?" "தப்பு பஸ் ஏறி ஏறி வேலையே போற மாதிரி ஆயிடுச்சு சார். அதனால பஸ் போர்டு படிக்கணும்னுதான் இங்க வந்தாங்க. படிச்சாங்க, போயிட்டாங்க" என்கிறாள் டீச்சர். தன் நோட்டைத் திருப்பிக் காட்டுகிறாள். 'ஆறு போர்டு, தப்பில்லாமல்' என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது. "அது அவங்களுக்கு நீங்க போட்ட மார்க்கும்மா. நான் மார்க் போட வந்தது உங்க வகுப்புக்கு." அவருடைய பேனா 'இடைநின்றவர்' கட்டத்தில் ஒன்று போடுகிறது. இன்னும் ஒன்று விழுந்தால் வகுப்புக்குப் பூட்டுதான். டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எதிரே பஸ் நிறுத்தத்தில் அதே சமையல்காரம்மா, காய்கறிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். முனையில் ஒரு பஸ் திரும்புகிறது. கூட்டம் முண்டியடிக்கிறது. அவள் கழுத்தை நீட்டிப் போர்டைப் பார்க்கிறாள். உதடுகள் மெல்ல அசைகின்றன. பிறகு யாரையும் எதுவும் கேட்காமல், ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொள்கிறாள். அது அவள் பஸ் இல்லை.