ஜெராக்ஸில் படித்தவர்கள்

சீனியர் வக்கீல் அந்த ஜெராக்ஸ் கட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஜூனியர் வேலை கேட்டு வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்த இளைஞன், வேலையும் போய் நோட்ஸும் போய், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

சட்டக் கல்லூரியில் எந்த மாணவரோ எப்போதோ கையால் எழுதிய தீர்ப்புச் சுருக்கம் அது. கைமாறிக் கைமாறி, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தே எழுத்தெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"இந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. இன்னுமா இது சுத்திக்கிட்டிருக்கு?" என்று முகம் சுளித்தார். மூலத் தீர்ப்பைப் படிக்காதவன் வக்கீலே இல்லை, வாந்தி எடுப்பவன் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர் அவர். அடுத்து அழைக்கப்பட்ட பெண் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூனியராகச் சேர அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இதுவும் கிடைக்காவிட்டால் மாமாவின் கடையில் பில் போட உட்காரவேண்டியதுதான்.

"நீயும் அதே காலேஜா? அப்போ நீயும் நோட்ஸ்தான்."

தீர்ப்புகளைத்தான் படித்ததாக அவள் சொன்னாள். எல்லாரும் பாடுகிற பாட்டு இதுதான் என்று சிரித்துவிட்டு, அவர் வழக்கமான கேள்வியை வீசினார். கூரை இடிந்து விழுந்து வாடகைக்காரருக்குக் கால் ஒடிந்த பழைய வழக்கில் ஜெயித்தது யார்?

"வாடகைக்காரர், சார்."

"வீட்டுக்காரர்மா. அந்த நோட்ஸைக்கூட உருப்படியா மனப்பாடம் பண்ணத் தெரியலையா? போயிட்டு வா."

வேலை போனது போனதுதான், இனி வாயை மூடிக்கொண்டு என்ன லாபம் என்று அவளுக்குத் தோன்றியது.

"கீழ்க்கோர்ட்ல வீட்டுக்காரர்தான் சார் ஜெயிச்சாரு. அப்பீல்ல மாறிடுச்சு." அவர் முதுகுக்குப் பின்னால் சுவரை அடைத்து நின்ற தீர்ப்புத் தொகுப்புகளைக் காட்டினாள்.

இவளை அவமானப்படுத்தியே அனுப்புவது என்று எழுந்தவர் புத்தகத்தை உருவினார். அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. நகத்தால் கீறிப் பார்த்து, முடியாமல் கத்தரிக்கோலைத் தேடி, ஒருவழியாகத் திறந்து படித்தார். காது மடல்கள் சிவந்துபோயின.

பெரிய மனிதர் அல்லவா, உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படாத விஷயம். உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சது?"

அவள் குனிந்து, குப்பைக்கூடையிலிருந்த கிழிந்த தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்து நீவிவிட்டாள்.

"இது எங்கம்மா கையெழுத்து, சார். தப்பைத் திருத்தணும்னு காலேஜ்லயே உங்ககிட்ட நோட்டைத் திருப்பிக் கேட்டாங்களாம், நீங்கதான் கடைசிவரைக்கும் தரவே இல்லையாம்."