முன்பு இந்தியா போனதுண்டா?

போன ஆடி அமாவாசைக்கு முதல் கிழமை சுலோஜனா வந்து எனக்குச் சொன்ன கதை இது. வரும்போதே கோபத்தோடுதான் வந்தாள்.

"அன்னமக்கா செய்த வேலையைக் கேளுங்கோ அக்கா."

இராமேசுவரம் போக இந்திய இ-விசா பதிவதற்கு, திருகோணமலை லிங்கநகரில் இருந்து ஏழெட்டுப் பேர் ஜெஸ்மினின் கொமினிகேசன் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஜெஸ்மின் ஒவ்வொருவராய்க் கேட்டுக் கேட்டுக் கணினியில் பதிந்தாள். அன்னலட்சுமியின் முறை வந்தது.

"முன்னம் இந்தியா போயிருக்கிறீங்களா அன்ரி?"

"ஓம் பிள்ளை. சம்பூர்ச் சண்டையில இடம்பெயர்ந்து வள்ளத்தில போனனான். மண்டபம் அகதி முகாம்."

"அந்த விசா நம்பரைக் கேக்குது."

"வள்ளத்துக்கு ஆர் பிள்ளை விசா குத்தினது?"

கடைக்குள் எல்லாரும் சிரித்தார்கள். சுலோஜனா மட்டும் கிட்டப் போய், "இல்லை எண்டு போடச் சொல்லுங்கோ. நானும் அதே வள்ளத்தில வந்தனான்தானே. இல்லை எண்டுதான் போட்டனான்" என்றிருக்கிறாள்.

"எனக்கு ஏலாது."

"ஏன், மேலோகத்தில உங்களுக்கு மட்டும் கதிரை போட்டு வைச்சிருக்கினமோ?"

"என்னவும் சொல்லு. நீ 'ஓம்' எண்டு போடு பிள்ளை."

ஜெஸ்மின் அப்படியே போட்டு அனுப்பினாள்.

"இப்ப எங்கள் எல்லாருக்கும் அனுமதி வந்திட்டுது. அவவுக்கு மட்டும் வரேல்லை. வேணும்!" என்று சொல்லி எழும்பினாள் சுலோஜனா.

எனக்கும் அன்னலட்சுமியின் பிடிவாதம் கொஞ்சம் கூடத்தான் என்று பட்டது.

அவர்கள் போய் வந்த பிறகு ஒருநாள் பத்திரகாளி அம்மன் கோயிலில் அவளைக் கண்டேன்.

"ஒரு சின்னப் பொய்தானே அன்னம். பாவம் எண்டோ சொல்லாமல் விட்டனீர்?"

"பாவ புண்ணியம் பாக்கேல்லை அக்கா."

அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்ர மூத்தவன் அந்த முகாமிலதான் பிறந்தவன். இராகுலன். நடக்கப் பழக முதலே மோசம் போயிட்டான். மண்டபம் கடற்கரையிலதான் தாட்டனாங்கள். அவன் கிடக்கிற இடத்தைப் பாக்கத்தான் நான் வெளிக்கிட்டனான். நான் அங்க போகவேயில்லை எண்டு போட்டால், அவன் பிறக்கவேயில்லை எண்டல்லோ ஆகும்?"

நீங்கள் யாராவது இராமேசுவரம் போனால், வழியில் மண்டபத்தில் இறங்கி, அந்தக் கடற்கரையில் இராகுலனுக்கு ஒரு பூ வைத்துவிடுங்கோ.