எட்டு மைக் பெட்டி

ஒலிப்பதிவுப் பெட்டி வாங்கப் போன தவளையிடம் கடைக்காரக் காகம் கேட்டது: "வீட்டுல எத்தனை பேர் பாடுவீங்க?"

தனியாகத்தான் பாடுகிறேன் என்று சொல்லத் தவளைக்குக் கூச்சமாக இருந்தது. "எட்டுப் பேர்," என்றது.

"அப்போ இதுதான் சரி. எட்டு மைக் மாட்டலாம். சன்னக் குரலைத் தூக்கிக் கொடுக்கிற ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கு. உங்க தொண்டைக்கு அது தேவைப்படாது!"

வீட்டுக்கு வந்து ஒரு மைக்கை மாட்டித் தவளை பாடியது. பெட்டியில் அதற்குரிய சிறு விளக்கு மட்டும் எரிந்தது. மற்ற ஏழும் இருண்டே கிடந்தன. பார்க்கப் பார்க்கப் பாட்டு நின்றுபோனது.

"மத்தவங்க எப்போ வருவாங்க?" என்று கேட்டது பெட்டி.

"யாரும் இல்லை. கடையில பொய் சொல்லிட்டேன். நாளைக்கு உன்னைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

ஜன்னலில் ஒட்டியிருந்த நத்தை தலையை நீட்டியது. "ஏன் அக்கா பாதியில நிறுத்திட்டீங்க? தினமும் நானும் கூடவே பாடுறேன்."

"நீயா? ஒரு நாளும் கேட்டதில்லையே!"

"என் குரல் எனக்கே கேட்காது."

தவளை இன்னொரு மைக்கைப் பெட்டியில் மாட்டி ஜன்னலோரம் வைத்தது. பெட்டியின் ப்ரீஆம்ப் குமிழை முழுக்கத் திருகியது.

"இப்போ பாடு."

இரண்டாவது விளக்கு மெல்ல எரிந்தது.