ஏணிப் பக்கம்

ஏணியில் பாதி தூரம் ஏறியிருந்தோம். கீழேயிருந்து கேஜ் வரும் சத்தம் கேட்டது.

மாமா நின்றுவிட்டார். என் தலைக்கு மேலே அவருடைய குதிகால். மூச்சு வாங்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டும்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டில் ஒரு பாதி, ஆளை ஏற்றி இறக்கும் கேஜுக்கு, மறுபாதி ஏணிக்கு. நடுவில் இடுக்கு விட்டு விட்டுப் பலகை அடித்திருக்கும். கேஜ் வெள்ளைக்காரர்களுக்கு, ஏணி எங்களுக்கு. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

நேற்று சாயங்காலம் வரை அது மாறிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஷிஃப்டைப் பார்ப்பவர் ஹரோல்ட் துரை. லைன் வீடுகளுக்குப் பின்னால் நாங்கள் கந்தல் பந்தை உதைப்பதைப் பார்த்துச் சிரித்தவர், எங்களோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள் பார்ப்போம் என்றார். ஜெயித்தால் இந்த ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் இனிமேல் கேஜில் போகலாம் என்றார். எல்லோருக்கும் எதிரில்தான் சொன்னார்.

எனக்குக் கேஜ் பெரிய விஷயமில்லை. என் கால் நன்றாகத்தான் இருக்கிறது. மாமாவுக்காகத்தான் ஆடினேன். ராஜப்பா, என் பெண்டாட்டியின் அப்பா. பாறை உடைத்து உடைத்து நெஞ்சு முழுக்கக் கல்தூசி. இந்த ஏணி அவரை மழைக்காலத்துக்குள் கொன்றுவிடும் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேலையை விட்டால் கம்பெனி கொடுத்த லைன் வீட்டையும் விட வேண்டும்.

கோலில் நின்றவன் தாமோதரன். மாமாவின் ஒரே மகன், என் மச்சான். அவனுக்கு நேராக வந்த பந்தை அவன் விட்டு நான் பார்த்ததில்லை.

விசில் ஹரோல்ட் துரையின் வாயில். அது யார் பக்கம் ஊதும் என்று தெரியாதா? திட்டுவதற்கு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தோம். ஆனால் மனுஷன் எங்கள் வாயை அடைத்துவிட்டார். அவருடைய ஆள் கையால் தட்டிப்போட்ட கோலை, கோல் இல்லை என்று அவரே சொன்னார். அவ்வளவு நியாயத்தை நாங்கள் பார்த்துப் பழக்கமில்லை. எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தபோது ஒரு பூட்ஸ் கால் தாமோதரனின் கட்டைவிரலை மிதித்தது. நகம் பெயர்ந்து ரத்தம். என் தலையிலிருந்த சிவப்புத் துண்டைக் கிழித்து, அவன் காலை என் மடியில் வைத்துக் கட்டினேன். நிற்க முடியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வலி என்று நினைத்தேன்.

கடைசிப் பந்து உருண்டுதான் வந்தது. அவன் குனிந்தான். இரண்டு கைக்கும் நடுவில் போய்விட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். நான்தான் தூக்கிவிட்டேன். அடிபட்டவனை யார் குறை சொல்வது? ராத்திரி மாமா தன் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அவனைத் தேடிப் போனேன். இந்தக் காலோடு ஏறுவானே, பின்னாலிருந்து தாங்கிக்கொள்ளலாம் என்று. துரை சாமான்களை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்றான்.

கேஜ் என் பக்கத்தில் வந்து நின்றது. மேலே ஏதோ தடங்கல் போல.

கேஜின் மேல்பாதி தகரம், கீழ்ப்பாதி வெறும் கம்பி. மாமாவின் முகத்துக்கு நேரே தகரம்தான் இருந்தது. எனக்கு நேரே கம்பி. உள்ளே லாந்தர் எரிந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது.

சேறு படிந்த பூட்ஸ். இன்னும் பூட்ஸ். நடுவில் ஒரு ஜோடி வெறுங்கால்.

கட்டைவிரலில் என் சிவப்புத் துண்டு.

துரை ஏன் அவ்வளவு நியாயமாக ஊதினார் என்று அப்போதுதான் புரிந்தது. அநியாயத்தை அவர் எங்கள் வீட்டு ஆளிடமே ஒப்படைத்திருந்தார்.

அவன் பெயரைச் சொல்லிக் கத்திப் பலகையை உதைத்திருப்பேன். மேலே மாமா இருந்தார்.

"கேஜ்ல யாரு மாப்ள?" என்று கேட்டார், இருமலுக்கு நடுவே.

"தொரைங்கதான் மாமா."

கேஜ் ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. மெதுவாக, அவர் முகத்தை உரசுவதுபோல, மேலே போனது. அது அவரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

வெளிச்சம் அதோடு போய்விட்டது. அவர் தொப்பியில் களிமண் வைத்து ஒட்டிய மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது. அவருடைய கால் அடுத்த படிக்குப் போகவில்லை. இருமலும் இல்லை.

"கட்டு கெட்டியாத்தான் கட்டிகீற மாப்ள," என்றார். "அவுறவே இல்ல."