மங்கல் பக்கம்

கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியதும் பிளாஸ்டிக் தாள் கண்ணாடித் தகட்டின் மேல் இறுக ஒட்டிக்கொண்டது.

ஞானராஜ் குனிந்து பலகையைச் சுற்றிலும் காது வைத்துக் கேட்டார். எங்கும் காற்று சீறவில்லை.

பழைய கட்டில் பலகை. அதன் ஓரமெங்கும் வெட்டி ஒட்டிய சைக்கிள் டியூப். பலகையில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் பழைய பிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரஸர். ஆயுள் முழுக்க பிரிட்ஜ் பழுதுபார்த்த கைக்கு இது பெரிய வேலையில்லை. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால் தகட்டில் இருக்கும் நெகட்டிவும், நீல அச்சுக்கான மருந்து பூசிய தாளும் ஒட்டிக்கொள்ளும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் படம் கலங்கிப்போகும்.

காலையிலிருந்து எடுத்த படமெல்லாம் கலங்கல்தான்.

"ஏங்க, அந்த எமனைச் செத்த நேரம் நிறுத்துங்க. சோறு ஆறிப்போச்சு!" கீழேயிருந்து மனைவி புஷ்பமேரி.

அவர் மொட்டைமாடியின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். தரை கொதித்தது. செருப்புப் போடத் தோன்றவில்லை.

போன வாரம் கோயில் பங்குக் கூட்டத்தில், வீட்டில் மாட்டியிருந்த, தாத்தா சப்பரம் சுமக்கும் பழைய படத்தைக் கொண்டுபோய்க் காட்டியதுதான் தப்பு. புஷ்பமேரியின் தம்பி பாக்கியராஜ் அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"மச்சான், இதுல நிக்கிறது உங்க தாத்தாவா? எனக்கென்னமோ அடுப்புப் புகைக்குள்ள ரெண்டு பேரு நிக்கிற மாதிரி இருக்கு."

கூட்டமே சிரித்தது.

மிக்கேல் சம்மனசின் சப்பரத்தில் வலது முன் தண்டைச் சுமக்கும் உரிமை ஞானராஜ் குடும்பத்துக்கு. இடது தண்டு பாக்கியராஜ் குடும்பத்துக்கு. திருநாளன்று முதல் மாலை வலது தண்டுக்காரன் கழுத்தில்தான் விழும். தாத்தா வாங்கினார், அப்பா வாங்கினார், இப்போது அவர் வாங்குகிறார். வலது தண்டு எங்கள் பாட்டன் சுமந்தது என்று பாக்கியராஜ் திடீரென்று கிளம்பியிருக்கிறார். முகம் தெரிகிற படம் ஒன்றைத் திருநாளுக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டார் பங்குச் சாமியார். கம்ப்யூட்டரில் போட்டு எடுத்தால் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று பாக்கியராஜ் அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

ஞானராஜ் நின்றார்.

காற்றில் குறையில்லை. தாளில் குறையில்லை. பிறகு எங்கே இடைவெளி?

கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத் தகட்டை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். ஒரு பக்கம் பளபளத்தது. மறுபக்கம் மங்கலாக இருந்தது. அந்த மங்கலில்தான் படம் படிந்திருக்கிறது. மங்கல் பக்கத்தை மேலே வைத்தால், படத்துக்கும் தாளுக்கும் நடுவே நிற்பது கண்ணாடியின் கனம். எந்தக் கம்ப்ரஸராலும் அதை உறிஞ்ச முடியாது.

ஆனால் மங்கல் பக்கம் மேலேதான் இருக்க வேண்டும். அது அப்பா சொல். தாளில் இருக்கும் மருந்து பட்டால் தாத்தாவின் முகம் உரிந்து வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே தகட்டை ஒப்படைத்தார்.

ஞானராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். தகட்டைப் புரட்டி, மங்கல் பக்கம் தாளில் படும்படி வைத்தார்.

கம்ப்ரஸர் மறுபடி உறுமியது. வெயில் தாளைச் சாம்பல் நிறமாக்கும் வரை அவர் நகரவில்லை. பிறகு கம்ப்ரஸரை நிறுத்தாமலே பிளாஸ்டிக்கை விலக்கி, தாளை உருவித் தட்டத்துத் தண்ணீரில் அமிழ்த்தினார்.

முகம் உரியவில்லை. நீலத்தில் மெல்ல எழுந்து வந்தது. தாத்தாவின் மீசை. மீசைக்கு மேல், தினமும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் அதே மூக்கு. சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

"வந்துருச்சு!" என்று கத்த வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

தாத்தா இடது தண்டில் நின்றுகொண்டிருந்தார்.

வலது தண்டைச் சுமந்தவருக்கு முறம் போல விரிந்த காது. நாற்பது வருஷமாக இந்த வீட்டில் அவர் பார்த்துவரும் காது. புஷ்பமேரியின் காது.

தகடு புரண்டதில் படமும் இடம்வலமாகப் புரண்டுவிட்டது. அவ்வளவுதான், இதுதான் தப்பாக வந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சப்பரத்தின் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோட்டை இதுவரை எல்லோரும் பூமாலை என்றுதான் நினைத்திருந்தார்கள். இப்போது அது துணியில் எழுதிய எழுத்து. புனித மிக்கேல் சம்மனசே, எங்களைக் காத்தருளும். ஓர் எழுத்துகூடத் திரும்பியிருக்கவில்லை. நேராக இருந்தது.

அப்படியானால் வீட்டில் மாட்டியிருந்ததுதான் புரண்ட படம்.

அதை அச்சிட்டவர் அப்பா. கல்யாணத்துக்கு முன் மதுரையில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தவர். தகட்டில் எது எந்தப் பக்கம் என்று தெரியாதவர் அல்ல.

கால் சூடு இப்போதுதான் உறைத்தது.

வெயில் இன்னும் இருந்தது. மருந்து பூசிய தாளும் மிச்சம் இருந்தது. தகட்டைப் பழையபடி புரட்டி வைத்து, ஒன்றும் சரியாக வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஈரத்தாள் கையோடு கிழிந்துவிடும்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன மச்சான், தெருமுனை வரைக்கும் கேக்குது உங்க மிஷினு! தாத்தா வந்தாரா, இல்ல இன்னும் புகைக்குள்ளதான் இருக்காரா?"

ஞானராஜ் கம்ப்ரஸரை நிறுத்தினார். வேட்டியை இறக்கிவிட்டார். ஈரத்தாளைக் கிழியாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். முதுகு நிமிர்ந்தது.

"கீழ போயி உங்கக்காவையும் கூட்டிட்டு வா, மாப்ளே" என்றார். "நான் இதை ஒருக்காத்தான் சொல்லுவேன்."