குழியோரத் தழை

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நீலகிரியில் தேவாலாவை அடுத்த காட்டுப்பாதையில் நான்கு பேர் ஏறிக்கொண்டிருந்தனர். முன்னால் வழிகாட்டி மாதி; அவளுக்குப் பின் பிரணவ்; அவனை ஒட்டினாற்போல் இளநிலா; கடைசியில் இளநிலாவின் தாய். மகளை இவனுக்குக் கொடுப்பதா இல்லையா என்பதை மறுநாள் மாலைக்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

முதல் அரைமணி நேரத்திலேயே அவள் அவனை அளந்து முடித்துவிட்டாள்.

காட்டுக்கு வெள்ளைக் காலணி. தோளில் பை கிடையாது. அவன் குடிக்கும் தண்ணீர் இளநிலாவின் முதுகில். வெள்ளைக்காரன் இங்கே தங்கம் தேடிச் சுரங்கம் தோண்டிய கதையை, நுழைவாயில் பலகையில் அப்போதுதான் படித்ததை, மாதிக்கே சொல்லிக்கொண்டு வந்தான்.

மாதி இந்தக் காட்டில் பிறந்தவள். “ஆமாங்க சார்” என்றாள்.

ஓரிடத்தில், அத்திமரத்தின் வேர்கள் பாதி விழுங்கிவிட்ட இரும்புச் சக்கரம். அதன் மேல் ஏறி நின்றான். அது எதற்கான சக்கரம் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

“மாடியில உங்களுக்குத் தனி ரூம் ஆன்ட்டி. கல்யாணத்துக்கப்புறம் நீங்க எங்களோடதான்” என்று மேலிருந்தே அறிவித்தான்.

அறுவை அரங்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தலைமைச் செவிலியாக இருந்தவள் அவள். கத்தரி ஓர் அங்குலம் தள்ளியிருந்தாலும் பொறுக்கமாட்டாள். இவனைப் பொறுத்துக்கொண்டு நடந்தாள்.

தான் வளர்த்த பெண். மலை இறங்குவதற்குள் அவளே வேண்டாம் என்பாள்.

சுரங்கத்துக்குள் காற்றுப் போக அந்நாளில் வெட்டிய ஆழக்குழி பாதையை ஒட்டியே இருந்தது. வேலி இல்லை. வாயைச் சுற்றி வளையமாகத் தழைகள் கிடந்தன, காய்ந்தவையும் பச்சையும். மாதி ஒரு கொத்து ஒடித்து, குனிந்து, வளையத்தில் வைத்தாள்.

“எதுக்கும்மா இது?” என்று கேட்டாள் இளநிலாவின் தாய்.

“உள்ள எங்காளுங்க கெடக்குறாங்கம்மா. அந்தக் காலத்துல மண்ணு சரிஞ்சு போனவங்க. அவங்களுக்கு.” மாதி இன்னொரு கொத்தை ஒடித்தாள். “அப்புறம், தழைக்கு அந்தாண்ட கால் வச்சா தாங்காது. அதுக்கும்.”

அது பிரணவின் காதிலும் விழுந்தது.

“குழியே தெரியலையே. இந்தக் குப்பையைத் தள்ளிட்டா போட்டோ பிரமாதமா வரும்.”

வெள்ளைக் காலணியால் தள்ளினான்.

மகள் என்ன செய்யப்போகிறாள் என்று தாய் காத்திருந்தாள்.

இளநிலா பையை இறக்கினாள். முழங்காலிட்டாள். சிதறிய தழைகளை இரு கைகளாலும் அள்ளினாள்.

தாயின் நெஞ்சு நிமிர்ந்தது.

இளநிலா அள்ளியதைக் குழிக்குள் போட்டாள்.

மறுபடி அள்ளினாள். அவன் கால் விட்டுவைத்த சருகுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மண்ணை உள்ளங்கையால் நீவிவிட்டாள். ஓர் இலை மிச்சமில்லை.

அந்த ஒழுங்கை யாரிடம் கற்றாள் என்பதில் ஐயமில்லை.

“இப்ப நில்லுங்க” என்றாள் இளநிலா, கைபேசியை உயர்த்தி.

ஏழெட்டுப் படங்கள். ஒவ்வொன்றையும் இருவரும் தலை முட்டப் பார்த்தார்கள். பிறகு நடந்தார்கள்.

தாய் நடக்கவில்லை. பக்கத்துச் செடியில் ஒரு கொத்து ஒடித்தாள்.

“விடுங்கம்மா, திரும்பி வர்றப்ப நான் போட்டுக்குறேன்.”

“அதுக்குள்ள யாராவது வந்தா?”

மாதி தானும் ஒடித்தாள். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வைத்துக்கொண்டு வந்தனர். கொத்துக்குக் கொத்து ஒரே இடைவெளி.

வளையம் மூடிய பின்தான் அவள் நிமிர்ந்தாள். பாதை வளைவுக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டது. வழிகாட்டி இல்லாமலே போய்விட்டிருந்தார்கள்.

மாதி பதறிக் கூப்பிட்டாள்.

தாய் கூப்பிடவில்லை.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் பையன் வீட்டாருக்குத் தொலைபேசியில் பதில் சொன்னாள். இருவருக்கும் பொருத்தம் முழுமையாக இருக்கிறது. அவர்கள் கேட்டபடி ஆவணியிலேயே திருமணத்தை நடத்தலாம். தனக்கு மாடி அறை வேண்டாம்.