பாதி வழியில் நிற்கும் வேன்

பெட்ரோல் பங்க் வந்ததும் டிரைவர் வேனை ஓரம் கட்டினார்.

"வண்டி சூடாகிடுச்சு. கொஞ்சம் ஆற விட்டுக் கிளம்பலாம். இறங்குறவங்க இறங்கிக்குங்க."

"ஆரம்பிச்சாச்சா?" என்றார் கடைசி சீட்டிலிருந்து கணக்கு சார். "போன வாரம்தானே எஞ்சினையே பிரிச்சுப் போட்டு வேலை பார்த்தாங்க? பார்த்தது யாரு, நம்ம பேக்கிங் மேடத்தோட வீட்டுக்காரர். கைராசி அப்படி."

மருந்துக் கம்பெனிக்குப் போகும் வேன் அது. உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரிப்பேருக்கு ஏற்பாடு செய்ததே அவள்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கவனித்து வந்தாள். பின்னால் வெள்ளைப் புகை. கீழே ஒரு சொட்டு ஒழுகாமலே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. பாதி தூரம் வருவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். இந்த பங்க்கில் நிறுத்தி, ஆற வைத்துத்தான் கிளம்புவார்கள்.

வீட்டில் சொன்னாள். மெக்கானிக் கணவர் ஆயிலைப் பார்க்கச் சொன்னார். ஆயில், பால் கலந்த டீ மாதிரி இருந்தது.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. தண்ணியும் ஆயிலும் கலக்குது. இப்படியே ஓட்டினா நடுரோட்டுல ஒரு நாள் எஞ்சின் ஜாமாகிடும். அத்தனை பேர் உட்கார்ந்து போற வண்டி. உடனே கொண்டுவரச் சொல்லு."

லீவு நாளெல்லாம் அந்த வேனோடுதான் கிடந்தார். ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்த்து, புது கேஸ்கெட் போட்டு, வாட்டர் பம்பையும் மாற்றினார்.

முதல் நாள் வேன் எங்கேயும் நிற்காமல் ஓடியது. எல்லோரும் அவளைப் பாராட்டிவிட்டு இறங்கினார்கள். மறுநாளே பழையபடி பங்க்கில் நின்றது. அதற்கப்புறம் நிற்காத நாளே இல்லை.

பக்கத்து சீட்டு அக்கா அன்று மெதுவாக ஆரம்பித்தாள். "எங்க அண்ணன் காரை உங்க ஷெட்டுக்குத்தான் விடறதா இருந்தார். இப்போ வேணாம்னு சொல்லிட்டார். தப்பா நினைச்சுக்காதே."

சாயங்காலம் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க வேலை பார்த்தீங்க? மறுபடியும் சூடாகுது."

"வயசான எஞ்சின். அப்படித்தான் இருக்கும்."

"வேன்ல ஆளாளுக்குச் சிரிக்கிறாங்க. ஒரு தடவை போய்ப் பார்க்கக் கூடாதா?"

"பார்க்கலாம்" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு நட்டைச் சரியாக முறுக்கினோமா என்று சந்தேகம் வந்தால், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடுகிற மனுஷன்.

மறுநாள் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வழி முழுக்க முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது நடுவிலேயே நின்றது. பங்க் வந்தது. வேனும் நின்றது.

டிரைவர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். அவளும் பின்னாலேயே போனாள்.

"அண்ணே, முள் அசையவே இல்லை. நான் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்."

அவர் ரேடியேட்டர் மூடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டட்டுமா? எங்க வீட்டுக்காரர் பேர் கெடுறதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"மெதுவாப் பேசும்மா." டிரைவர் பானெட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கணக்கு சாருக்கு ஆபரேஷன் ஆச்சே, தெரியும்ல?"

"தெரியும்."

"அதுக்கப்புறம் அவரால முழு தூரம் அடக்க முடியலை. வண்டி ரிப்பேரா இருந்தப்ப இங்க நிக்கும், இறங்கிப் போயிட்டு வந்துடுவார். எனக்கே தெரியாது. நிக்காம ஓட்டின அன்னிக்கு எல்லாரும் இறங்கிட்டாங்க, அவர் மட்டும் இறங்கலை. பையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். சீட்டு நனைஞ்சிருந்துது. 'தண்ணி பாட்டில் கொட்டிடுச்சு'ன்னார், என் முகத்தைப் பார்க்காம. ஆமா சார், மூடி சரியில்லைபோலன்னேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பங்க்கின் பின்பக்கம் இருந்த கழிப்பறையை நோக்கி கணக்கு சார் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"சும்மாவே நிறுத்தலாமே அண்ணே?"

"காரணமில்லாம நிறுத்தினா, யாருக்காகன்னு கேட்பாங்க."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. "எங்க வீட்டுக்காரர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அன்னிக்கே ஷெட்டுக்குப் போயிட்டேன்மா. பழையபடி லேசா சூடாகுற மாதிரி பண்ணித் தர முடியுமான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'எஞ்சினைக் கெடுக்க வேணாம்ணே, என் பேரைக் கெடுத்தா போதும்'னார்."

கணக்கு சார் கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார். வேனுக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே கேட்டார்.

"என்னம்மா, நீயே இறங்கிட்டே? உன் வீட்டுக்காரர் பார்த்த வேலை எந்த லட்சணத்துல இருக்கு?"

"இந்த வண்டி மட்டும் அவருக்குப் பிடிபடவே மாட்டேங்குது சார்" என்றாள் அவள், அதே சத்தத்தில். "இனிமே இங்க நிறுத்தாம ஓட்டவே கூடாதுன்னு சொல்லிட்டார்."